ஐஸ் ஸ்கிரேப்பர் வாங்குமுன்: பிரஷை விடுங்கள், பிளேடைப் பாருங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சிங்கப்பூர் இணையக் கடைகளில் கையுறை, கம்பளிக் குல்லாவோடு, கார் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டும் ஐஸ் ஸ்கிரேப்பரும் வந்து நிற்கும். வியர்த்துக்கொண்டே வாங்கும் பொருள் இது. உழைக்குமா உடையுமா என்பது டிசம்பரில் ஜப்பானின் ஹொக்கைடோவிலோ ஜூனில் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனிலோ காலை ஏழு மணிக்கு, வாடகைக் காரின் வெளுத்துப்போன கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் தெரியும். அதனால் வாங்குமுன் சில விவரங்கள்.

அதிகம் விற்பது நீளும் கைப்பிடி கொண்ட ரகம். ஒரு முனையில் பிரஷ், மறுமுனையில் பிளேடு. படத்தில் அழகாக இருக்கும். கைப்பிடியைத் திருகிப் பூட்டும் அந்த வளையம்தான் வில்லங்கம். ஈரக் கையுறையோடு திருகினால் பிடி கிடைக்காது. உள்ளே புகுந்த ஈரம் உறைந்துவிட்டால் பிறகு நீட்டவும் முடியாது, சுருக்கவும் முடியாது. பூட்டு வழுக்கும் ரகமாக இருந்தால் அழுத்திச் சுரண்டும்போது கைப்பிடி உள்வாங்கி, விரல் முட்டி கண்ணாடியில் மோதும். ஹொக்கைடோவில் குளிர்கால வாடகைக் கார்களில் பெரும்பாலும் ஒரு பனி பிரஷ் இருக்கும். காரை எடுக்கும்போது "ஸுனோ புராஷி" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு இங்கிருந்து ஒன்றைச் சுமக்கத் தேவையில்லை.

வாங்க வேண்டியது உள்ளங்கை அளவு, சுமார் 10 சென்டிமீட்டர் அகலப் பிளேடு கொண்ட சாதாரண ஸ்கிரேப்பர். விலையும் குறைவு. பாலிகார்பனேட் என்று போட்டிருந்தால் நல்லது, குளிரில் எளிதில் நொறுங்காது. மலிவான பிளாஸ்டிக் குளிரில் பிஸ்கட் மாதிரி முனை உதிரும். சோதிக்கக் குளிர் ஊருக்குப் போக வேண்டாம். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியில்தான் ஓடுகிறது. ஓர் இரவு அதற்குள் போட்டு, காலையில் பிளேடின் மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். இன்னொரு சோதனை: பிளேடின் விளிம்பை ஜன்னல் கண்ணாடியில் வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் ஐஸ் கோடு கோடாக மிஞ்சும். (ஸ்கிரேப்பர் கையில் இருக்கிறதே என்று பழைய ஃபிரீசரின் சுவர் ஐஸைச் சுரண்டப் போகாதீர்கள். குழாய் ஓட்டையானால் குளிர்சாதனப் பெட்டியே போச்சு.)

பித்தளைப் பிளேடு ரகம் மெல்லிய உறைபனியை ஒரே இழுப்பில் எடுக்கும். பித்தளை கண்ணாடியைவிட மென்மையானது என்பதால் கீறாது என்கிறார்கள். அது சரி, ஆனால் கண்ணாடியில் ஒட்டிய மணல் துகள் மென்மையானது அல்ல. பிளேடுக்கு அடியில் ஒரு துகள் மாட்டினால் பித்தளை என்ன, பிளாஸ்டிக் என்ன, கீறல் கீறல்தான். வாடகைக் காருக்கு பிளாஸ்டிக்கே போதும். கூம்பு வடிவத்தில் வட்டமாகச் சுழற்றும் ஒன்றும் விற்கிறது. மெல்லிய உறைபனிக்கு மட்டும் ஆகும், தடித்த ஐஸில் வழுக்கிக்கொண்டே போகும். பஸ், ரயிலுக்குத் தட்டும் ஈஸிலிங்க் கார்டால் சுரண்டலாம் என்று யோசிப்பவர்களுக்கு: கார்டு பிளக்கும், ஐஸ் அப்படியே இருக்கும்.

ஐஸைக் கரைக்கும் ஸ்பிரேயை இங்கே வாங்கவே வாங்காதீர்கள். தீப்பற்றும் ஏரோசால் என்பதால் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற முடியாது. ஜப்பானில் ஆட்டோபேக்ஸ், யெல்லோ ஹேட் போன்ற கார் கடைகளில் "கைஹியோ ஸ்ப்ரே" என்று கேளுங்கள். டப்பாவை இரவில் காரில் விடாமல் அறைக்கு எடுத்துப் போக வேண்டும். குளிரில் உள்ளழுத்தம் குறைந்து, காலையில் பீய்ச்சாமல் சொட்டும். மேல் விளிம்பிலிருந்து கீழாக அடித்து, ஓரிரு நிமிடம் விட்டுப் பிறகு சுரண்டுங்கள். அடித்த கையோடு வைப்பரைப் போட்டுக் கிளம்பினால், ஆல்கஹால் ஆவியாகி மிச்சத் தண்ணீர் மறுபடி உறைந்து, ஓட்டும்போதே பார்வை மறையும். 70 சதவிகித ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்ற வீட்டுக் கலவை லேசான உறைபனிக்குச் சரி. மைனஸ் 15-க்குப் போகும் இடத்தில் தண்ணீரே சேர்க்காதீர்கள்.

எந்தக் கருவியானாலும் வரிசை முக்கியம். எஞ்சினைப் போடுமுன் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். இரவு விழுந்த பனி அதை மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறும். வாசனை கிடையாது, அதனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வைப்பர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பது அடுத்தது. மழை உணரும் தானியங்கி வைப்பராக இருந்தால் அதையும் அணையுங்கள். உறைந்து ஒட்டிய வைப்பர் அசைய முயன்றால் ரப்பர் கிழியும், ஃபியூஸ் போகும். பிறகு எஞ்சினைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்சுழற்சியை அணைத்து, ஏர்கானையும் போடுங்கள். குளிரில் ஏர்கானா என்று கேட்கத் தோன்றும். அது உள்ளே இருக்கும் ஈரத்தை எடுக்கத்தான். இங்கே மழை நேரத்தில் கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கினால் வைப்பர் துடைத்துவிடும். அங்கே பனி ஒட்டிய காலணியின் ஈரம் உள்பக்கத்தை மங்கச் செய்யும், அதற்கு வைப்பர் உதவாது.

எஞ்சின் ஓடிக் கண்ணாடி சூடேறும் நேரத்தில் முதலில் கூரைப் பனியைத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் பிரேக்கில் மொத்தமும் முன்கண்ணாடியில் சரியும். பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சல்லடையையும் துப்புரவாக்குங்கள். காற்று உள்ளே போகும் வழி அதுதான். அப்புறம் ஸ்கிரேப்பர். 45 டிகிரிச் சாய்வு, குட்டை இழுப்பு, ஏற்கெனவே காய்ந்த இடத்தில் கைவைக்கக் கூடாது. தடித்த ஐஸ் என்றால் பிளேடின் பல் வைத்த பக்கத்தால் கோடு போட்டுவிட்டு, தட்டைப் பக்கத்தால் பெயர்க்க வேண்டும். பின்கண்ணாடியில் உள்பக்கம் ஓடும் சூடேற்றும் கம்பிகள் மீது பிளேடு படவே கூடாது. வெந்நீர் ஊற்றும் யோசனையை ஹோட்டல் அறையிலேயே விட்டுவிடுங்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு தகடுகளும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமும். வெளித்தகடு திடீரெனச் சூடாகி விரியும்போது உள்தகடு குளிரிலேயே இருக்கும். கல் பட்ட சிறு புள்ளி இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடும். ஊற்றிய தண்ணீரும் கதவிடுக்கில் வழிந்து உறையும்.

கடைசியாக, கண்ணாடியை மூடும் துணி உறை. ஹொக்கைடோவின் கனத்த பனிக்கு இது வீண். இரவில் ஈரமாகி கண்ணாடியோடே உறைந்துவிடும். ஆனால் ஜூன் விடுமுறையில் குவீன்ஸ்டவுன் போகிறவர்கள் வாங்கலாம். அங்கே பல இரவுகளில் பனி பெய்யாது. வானம் தெளிவாக இருக்கும், கண்ணாடி வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டு காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால் காற்று 2 டிகிரியில் இருந்தாலும் கண்ணாடியில் உறைபனி படியும். ஜூனில் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் உதிக்கும் என்பதால் வெயில் வந்து கரைக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. உறையின் இரு ஓரங்களையும் முன்கதவுகளுக்குள் விட்டு மூடுங்கள். உறையில் தைத்த காந்தத்தை மட்டும் நம்பினால் காற்றடித்த இரவில் பறந்துவிடும்.