பறவைப் படங்களுக்கு ஒரு ஓடை: ஆறு ஆண்டு அனுபவம்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எடுக்கும் பறவைப் படங்களை ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி வைக்கிறேன். அவற்றையே என் இணையதளத்திலும் மறுபடி ஏற்றி, மறுபடி குறிப்பு எழுதிச் சலித்துப்போனபோதுதான், ஃபிளிக்கரில் ஏற்றினால் தளத்தின் முகப்பில் தானாக வந்து நிற்கும்படி ஓர் ஏற்பாடு தேடினேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

முதலில் ஓர் ஆயத்த விட்ஜெட்டை, அதாவது வேறொரு நிறுவனம் தரும், பக்கத்தில் ஒட்டினால் படங்களைக் காட்டும் சிறு கருவியை, போட்டேன். ஒரு வரி நிரலை ஒட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. எட்டாவது மாதம் ஒரு காலையில் பார்த்தால் படங்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி. இலவசக் கணக்குக்கான மாதப் பார்வை வரம்பு தீர்ந்துவிட்டதாம். அன்றே கழற்றிவிட்டேன்.

பிறகு ஃபிளிக்கரின் பொது ஓடையை (ஃபீட்; புதிதாக ஏற்றியவற்றின் பட்டியலை நிரல்கள் படிக்கும்படி தருவது) நேரடியாக எடுத்தேன். அனுமதிச் சாவி எதுவும் வேண்டாம். கணக்கின் அடையாள எண்ணைக் கொடுத்தால், கடைசியாக ஏற்றிய 20 பொதுப் படங்களின் தலைப்பு, சுட்டி, குறிச்சொற்கள், எடுத்த நாள், ஏற்றிய நாள் எல்லாம் ஜேசான் என்ற, நிரல் எளிதில் படிக்கும் உரை வடிவில் வந்துவிடும். படத்தின் முகவரி, .jpg என்பதற்கு முன், ‘எம்’ என்ற எழுத்தில் முடியும். அது 240 பிக்சல் அளவு. அதை ‘இசட்’ என்று மாற்றினால் 640 பிக்சல். முகப்புக்கு அதுவே எடுப்பாக இருக்கிறது. ஒவ்வொரு படத்திலிருந்தும் அதன் ஃபிளிக்கர் பக்கத்துக்குச் சுட்டி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி; நியாயமான விதி.

நாள் விஷயத்தில் கவனம் தேவை. ஓடை, ஏற்றிய நாள்படிதான் வரிசைப்படும். பிப்ரவரியில் எடுத்த பூநாரைகளை ஜூனில் ஏற்றினேன். கோடை வெயிலில் பூநாரை வந்துவிட்டதா என்று நண்பர்கள் விசாரித்தார்கள். வலசைக் காலத்தைப் பதிவு செய்பவனுக்கு இது சிறிய பிழை அல்ல. இப்போது எடுத்த நாள்படி நானே வரிசைப்படுத்தி, மாதத்தையும் படத்தின் கீழே காட்டுகிறேன்.

வாசகரின் உலாவி ஒவ்வொரு முறையும் வெளியே போய் ஓடையைக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. என் சேவையகம் (தளம் இயங்கும் கணினி) மணிக்கு ஒருமுறை ஓடையைப் படித்து ஒரு கோப்பில் சேமிக்கிறது. பக்கம் அந்தக் கோப்பிலிருந்து எழுகிறது. இதிலும் ஒரு முறை அடி வாங்கினேன். ஓர் இரவு இணைப்பு அறுந்து வெற்றுப் பதில் வர, என் நிரல் நல்ல கோப்பின் மேல் அதை எழுதிவிட்டது. இரண்டு நாள் முகப்பு வெறுமையாகக் கிடந்தது. அதன்பின், வந்த தரவில் ஒரு படமாவது இருந்தால்தான் பழைய கோப்பு மாறும்.

என்னை மிகவும் மாற்றியது ஒரு கடிதம். எழுதியவர் பார்வையற்றவர், திரையில் உள்ளதை மென்பொருள் உரக்கப் படிக்கக் கேட்பவர். என் முகப்பில் அவர் கேட்டதெல்லாம் “ஐஎம்ஜி 4417, ஐஎம்ஜி 4418” என்பதுதான். கேமரா வைத்த பெயரையே தலைப்பாக விட்டிருந்தேன். நிரல் அதையே, படத்துக்குப் பதிலாக உரக்கப் படிக்கப்படும் மாற்று உரையாக வைத்திருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாத் தலைப்புகளையும் திருத்தினேன். இன்று அதே படம் “நாணல் புதரோரம் குஞ்சுடன் நீலத் தாழைக்கோழி” என்று ஒலிக்கிறது.

இன்ஸ்டாகிராமிலிருந்து இப்படிச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். தனிநபர் கணக்குகளுக்கென இருந்த பேசிக் டிஸ்பிளே ஏபிஐ (ஏபிஐ என்பது வெளி நிரல்கள் ஒரு தளத்திடம் தரவு கேட்கும் வழி) 2024 டிசம்பர் 4-இல் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ள ஏபிஐக்குத் தொழில்முறைக் கணக்கு வேண்டும். தரவைப் படிக்க அனுமதி தரும் நீண்ட கால அணுகல் குறியீடும் 60 நாளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் வேலையை நிரலிடம் ஒப்படைக்க முடிந்தவர்கள் இறங்கலாம்.

ஃபிளிக்கரிலேயே முழு ஆல்பத்தையும் காட்ட விரும்பினால் ஏபிஐ சாவி வாங்க வேண்டும். ஓர் அழைப்பில் 500 படங்கள் வரை கிடைக்கும். நான் வாங்கவில்லை. வரும் இருபதில் பன்னிரண்டைத்தான் முகப்பில் வைக்கிறேன், கைபேசியில் வரிசைக்கு இரண்டாக.