யூஸ் பண்ண போன், லேப்டாப்பை ரிட்டர்ன் பண்ண நாலு வழி: எது யாருக்கு செட் ஆகும்?

ஆன்லைன்ல வாங்கின ஹெட்ஃபோனோ லேப்டாப்போ, சீல் பிரிச்சாச்சு, நாலஞ்சு நாள் ஓட்டியும் பாத்தாச்சு, இப்போ திருப்பிக் கொடுக்கணும்னா உங்களுக்கு நாலு வழி இருக்கு: கடையோட ரிட்டர்ன் பாலிசி, சட்டம் தர்ற உரிமை, கம்பெனி வாரண்ட்டி, கார்டு பேங்க் மூலமா சார்ஜ்பேக் (கார்டுல கட்டின பணத்தை விற்றவர் கிட்ட இருந்து பேங்க் வழியா திரும்ப வாங்கறது). நிறைய பேர் பாலிசியையும் வாரண்ட்டியையும் மட்டும்தான் பாக்குறாங்க, "ரிட்டர்ன் டேட் முடிஞ்சிருச்சு சார், சர்வீஸ் சென்டருக்குப் போங்க"ன்னு சாட்ல ஒருத்தர் சொன்னதும் அப்படியே விட்டுடறாங்க. பொருள்ல கோளாறு இருந்தா அப்படி விடவே கூடாதுங்கறது என்னோட உறுதியான கருத்து, ஏன்னா அந்த இடத்துலதான் சட்டம் உங்க பக்கம் நல்லா நிக்குது.

பிடிக்கலைன்னு திருப்பறது வேற, பழுதுன்னு திருப்பறது வேற. இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டாதான் பணம் போகுது.

பிடிக்கலைங்கற கேஸ்ல ஐரோப்பிய யூனியன்ல இருக்கறவங்களுக்குத்தான் யோகம். அங்க 2011ல வந்த நுகர்வோர் உரிமை டைரக்டிவ் படி, பொருள் கைக்கு வந்ததுல இருந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேண்டாம்னு சொல்லலாம், பிரிட்டன்லயும் இதே 14 நாள்தான். பெட்டியைப் பிரிச்சதால மட்டும் உரிமை போயிடாது. ஆனா கடையில நின்னு ஒரு பொருளை எவ்வளவு தொட்டுப் பாப்பீங்களோ அவ்வளவுதான் கணக்கு. போனை ஆன் பண்ணி டிஸ்ப்ளே, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் பாத்தீங்கன்னா பிரச்சினை இல்ல, அதே போனை ஒரு வாரம் பாக்கெட்ல போட்டுச் சுத்தி ஓரத்துல கீறல் விழுந்துச்சுன்னா குறைஞ்ச மதிப்பை ரீஃபண்ட்ல கழிச்சுக்க விற்கறவருக்கு உரிமை உண்டு.

இதுல நீதிமன்றம் எவ்வளவு தூரம் வாங்கினவங்க பக்கம் நின்னுருக்குன்னு பாக்கணும்னா ஜெர்மனியில நடந்த ஒரு லேப்டாப் கேஸைப் பாக்கலாம். ஒரு பெண்மணி 2005 டிசம்பர்ல நெட்ல 278 யூரோவுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குறாங்க, எட்டு மாசத்துல டிஸ்ப்ளே போயிடுது, விற்றவர் ஃப்ரீயா சரி பண்ணித் தர மாட்டேன்னுட்டார். காரணம் சொல்லாம திருப்பிக் கொடுக்கற வாபஸ் உரிமை பத்தி அவர் ஒழுங்கா தகவல் சொல்லாததால கெடுவே ஆரம்பிக்கலைன்னு இவங்க பணத்தைத் திருப்பிக் கேக்குறாங்க. அவர் பதிலுக்கு, இவ்வளவு நாள் யூஸ் பண்ணீங்கல்ல, லேப்டாப் வாடகை ரேட்ல பாத்தா நீங்கதான் எனக்கு 316.80 யூரோ தரணும்னு கணக்கு போட்டார், அதாவது வாங்கின விலையை விட அதிகமா! 2009 செப்டம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம், இப்படிப் பொதுவா எல்லார் கிட்டயும் யூஸ் பண்ணதுக்குக் காசு கேக்கறது செல்லாது, அப்படிக் கேட்டா வாபஸ் உரிமைக்கே அர்த்தம் இல்லாம போயிடும்னு சொல்லிடுச்சு. உரிமையைத் தவறா பயன்படுத்தினவங்க கிட்ட மட்டும் கேக்க இடம் விட்டாங்க. இப்போ இருக்கற சட்டத்துல தகவல் சொல்லாத விற்பனையாளருக்கு அந்த 14 நாள் கெடு 12 மாசம் வரைக்கும் நீளும், மதிப்புக் குறைஞ்சதுன்னும் அவர் கழிக்க முடியாது.

இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல ஆன்லைன்ல வாங்கினதை மனசு மாறித் திருப்பறதுக்கு இப்படி ஒரு பொது உரிமை சட்டத்துல கிடையாது. அமெரிக்காவுல மூணு நாள் ரூல் ஒண்ணு இருக்குன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அது வீடு தேடி வந்து விக்கறவங்களுக்கானது, ஆன்லைனுக்குப் பொருந்தாது. அதனால இந்த நாடுகள்ல பிடிக்கலைன்னா கடை பாலிசிதான் ஒரே வழி. வாங்கறதுக்கு முன்னாடியே "ரீப்ளேஸ்மென்ட் மட்டும்"னு போட்டிருக்கா, பிரிச்ச பொருளுக்குப் பிடித்தம் உண்டான்னு பாத்துக்கணும்.

கோளாறுன்னா கதையே வேற. பிரிட்டன்ல 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள்ள நிராகரிச்சு முழுப் பணமும் கேக்கலாம், யூஸ் பண்ணதுக்குன்னு கழிக்கக் கூடாது. ஐரோப்பிய யூனியன்ல குறைஞ்சது ரெண்டு வருஷம் விற்றவர்தான் பொறுப்பு, முதல் ஒரு வருஷத்துல தெரிய வர்ற கோளாறு ஆரம்பத்துலயே இருந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது விற்றவர். இந்தியாவுல 2020 இ-காமர்ஸ் விதிகள் படி பழுதான, போலியான, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு விற்பனையாளர் சொல்லக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயும், பில்லுல கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள பழுதான பொருளை எடுத்துக்கிட்டுப் பணம் தர மறுக்கறது முறையற்ற வணிகம்னே இருக்கு.

அதனாலதான் ஆப்ல காரணம் கேக்கும்போது "இனி தேவையில்லை"ன்னு ஈஸியா இருக்கறதைத் தட்டாதீங்க. இயர்பட்ஸ்ல ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வருதுன்னா அதையே எழுதுங்க, வீடியோ எடுத்துச் சேருங்க, போன்ல பேசினாலும் அதே விஷயத்தை மெயில்லயும் போட்டு வைங்க.

வாரண்ட்டி கெட்டது இல்ல, ஆனா அது அநேகமா ரிப்பேர்ல போய்தான் நிக்கும், புதுப் பொருளுக்குக் காசு கொடுத்துட்டு ரிப்பேர் பண்ண பொருளை எதுக்கு வாங்கிக்கணும்? மாசக்கணக்குல ஓட்டின பிறகு, இல்ல விற்றவர் கடையை மூடிட்டுப் போயிட்டார்னா வாரண்ட்டி நல்ல வழி. முதல் வாரத்துலயே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினாங்கன்னா போங்க, ஆனா ஜாப் ஷீட்ல கோளாறு என்னன்னு தெளிவா எழுதி வாங்குங்க, முடிஞ்சா டிஓஏ (டெட் ஆன் அரைவல், அதாவது வரும்போதே பழுதா இருந்தது) சர்டிபிகேட்டும் கேளுங்க, அதுவே விற்றவருக்கு எதிரான ஆதாரம்.

சார்ஜ்பேக் கடைசி ஆயுதம். பொருள் சொன்ன மாதிரி இல்ல, ரிட்டர்ன் வாங்கிக்கிட்டுப் பணம் தரலைங்கற மாதிரி கேஸுக்குத்தான் ஓடும், கலர் பிடிக்கலைன்னா ஓடாது, விற்றவர் கிட்ட முதல்ல கேட்ட ஆதாரத்தையும் பேங்க் கேக்கும். கெடு இருக்கறதால தள்ளிப் போடாதீங்க.

எந்த வழியில போனாலும் அனுப்பறதுக்கு முன்னாடி சீரியல் நம்பர், ஐஎம்இஐ, நாலு பக்கமும் போட்டோ எடுத்துருங்க, பேக்கப் எடுத்துட்டு கூகுள், ஆப்பிள் அக்கவுன்ட்ல இருந்து வெளிய வந்து ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க, லாக் ஆன பொருள் போய்ச் சேர்ந்தா ரீஃபண்ட் அங்கயே மாட்டிக்கும். ஸ்கிரீனே செத்துப் போச்சுன்னா வேற கம்ப்யூட்டர்ல அக்கவுன்ட்டைத் திறந்து அந்த டிவைஸை எடுத்து விடலாம்.

இந்தியாவுல கடை மசியலைன்னா தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் வந்ததை ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அதுக்கும் அசையலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க, அப்புறம் நீங்க குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்ல இருந்தாலும் உங்க ஊர்லயே கேஸ் போடலாம், பிரச்சினை வந்ததுல இருந்து ரெண்டு வருஷம் டைம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு ஆணையத்துல கட்டணமே கிடையாது.