ஒரு தலை, மூன்று ஹெல்மெட்: சைக்கிளுக்கு எதை வாங்குவது?

திருவான்மியூரில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மூன்று சைக்கிள் ஹெல்மெட் தொங்குகின்றன. ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஓட்டுவதற்கான ரோடு ஹெல்மெட். இன்னொன்று, பின்மண்டை வரை இறங்கி வரும், முன்னால் வைசர் (வெயில் மறைக்கும் விளிம்பு) வைத்த எம்டிபி ஹெல்மெட், அதாவது மலைப்பாதை சைக்கிளுக்கானது. மூன்றாவது, கடைக்கும் ஆபீசுக்கும் போட்டுக்கொள்ள வாங்கிய உருண்டையான சிட்டி ஹெல்மெட். "ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கட்டும்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றையும் வருடக்கணக்காக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

கவிழ்த்து உள்ளே பார்த்தால் மூன்றும் ஒரே சங்கதிதான். டிவி பெட்டிக்குள் அடைத்து வருமே, அந்தத் தெர்மாகோல். ஆனால் அதைவிட நெருக்கமாக, கெட்டியாக வார்த்தது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. கீழே விழும்போது தலை சட்டென்று நின்றுவிடாமல், தெர்மாகோல் நசுங்கும் அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. மூளைக்குப் போகும் அதிர்ச்சி அதனால்தான் குறைகிறது. நசுங்கியது மறுபடி எழும்பாது. ஒரு நல்ல அடி வாங்கிவிட்டால் அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது.

இதற்கென்று தர முத்திரைகள் இருக்கின்றன. ஐரோப்பாவுடையது இஎன் 1078, அமெரிக்காவுடையது சிபிஎஸ்சி. ஹெல்மெட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஐரோப்பியச் சோதனையில் ஹெல்மெட்டைப் போலித் தலையில் மாட்டி, சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் போடுகிறார்கள். அமெரிக்கச் சோதனையில் 2 மீட்டர். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அந்தக் கணக்கு. இரும்பைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். ஆக, நாமே சறுக்கியோ தடுக்கியோ விழுவதை மனதில் வைத்துச் செய்த சோதனை இது. லாரி மோதினால் என்ன ஆகும் என்பதை இது அளப்பதில்லை. ஹெல்மெட் தலையில் இருக்கிறது என்று நம்பி வேளச்சேரி சாலையில் பஸ்ஸை ஒட்டிச் சந்து தேடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1,500 ரூபாய் ஹெல்மெட்டும் 15,000 ரூபாய் ஹெல்மெட்டும் பாஸ் செய்ய வேண்டிய பரீட்சை ஒன்றுதான். அப்புறம் எதில் வித்தியாசம்? தலையில் எந்தப் பகுதியை மூடுகிறது, எவ்வளவு காற்று விடுகிறது, எவ்வளவு கனம், சாய்ந்து படும் அடியை எப்படிச் சமாளிக்கிறது. இந்த நான்கில்தான் மூன்று ஹெல்மெட்டும் பிரிகின்றன.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தினமும் காலையில் சைக்கிளில்தான் மார்க்கெட் போவார். ஒருநாள் என் ரோடு ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, ஓட்டை ஓட்டையா இருக்கு? கல்லு குத்தினா உள்ள போயிடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டை நிறைய விட வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் தெர்மாகோல் விலா எலும்புகளை இன்னும் கெட்டியாக வார்ப்பார்கள், சிலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் கூடு ஒன்றையும் சேர்த்து வார்ப்பார்கள். தட்டையான இரும்போடு, நடைபாதை விளிம்பு மாதிரியான முனையிலும் போட்டுப் பார்த்துத்தான் முத்திரை தருகிறார்கள். சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. "எனக்கு ஓட்டையில்லாததே வாங்கிக் கொடுப்பா" என்றார். உருண்டையான சிட்டி ஹெல்மெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவர் கதைக்கு வருகிறேன்.

முதலில் ரோடு ஹெல்மெட். எடை 220 முதல் 300 கிராம். ஹேண்டில் பாரில் குனிந்து, கழுத்தை நிமிர்த்திச் சாலையைப் பார்க்கும் உட்காரலுக்காகவே வடிவமைத்தது. அதனால் முன்னால் வைசர் கிடையாது, இருந்தால் மறைக்கும். பின்னாலும் ரொம்பக் கீழே இறங்காது, இறங்கினால் நிமிரும் கழுத்தில் இடிக்கும். முன்னால் நுழையும் காற்று உள்ளே வெட்டிய வாய்க்கால்கள் வழியே ஓடிப் பின்னால் வெளியேறும். ஈசிஆரில் 28, 30 வேகத்தில் போகும்போது இந்த ஓட்டம் உச்சந்தலையில் நன்றாகத் தெரியும். முழு ரைடு முடித்துக் கழற்றும்போதும் தலை கொதித்திருக்காது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் 8, 9 வேகத்தில் ஏறும்போது கதை வேறு. காற்றே இல்லை. நெற்றிப் பட்டை ஊறி, வியர்வை கண்ணில் இறங்கும். கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிடலாமா என்று கை போகும். இந்தச் சபலம் தொழில்முறை வீரர்களையும் விடவில்லை. 1991 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கட்டாய ஹெல்மெட்டை எதிர்த்து அவர்கள் போராட்டமே நடத்தினார்கள், விதி பின்வாங்கப்பட்டது. 2003 மார்ச்சில் அதே பந்தயத்தில் கஜகஸ்தானின் ஆந்த்ரே கிவிலேவ் தலையில் அடிபட்டு இறந்தார், ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உலக சைக்கிள் சங்கமான யுசிஐ கட்டாயமாக்கியது. அப்போதும் மலையுச்சியில் முடியும் பந்தயங்களில் கடைசி ஏற்றத்துக்கு மட்டும் கழற்ற அனுமதி இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். வெயில் அப்படிப்பட்ட விஷயம். காற்றோட்டத்தை நான் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதில்லை. தலையில் ஹெல்மெட் இருக்குமா, ஹேண்டிலில் இருக்குமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ரோடு ஹெல்மெட்டிலேயே ஏரோ என்று ஒரு வகை உண்டு. ஓட்டைகளைக் குறைத்துக் காற்றைக் கிழிக்கும்படி செய்தது. நேரத்தோடு போட்டி போடுபவர்களுக்கு உதவும். சென்னை வெயிலில் என்னைப் போல 30 வேகத்தில் ஓட்டுபவர்கள் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிட்டி ஹெல்மெட்டின் பலம் வேறு. ஓடு தடிமனானது. பையில் போட்டு, கதவில் இடித்து, ஸ்டாண்டில் தொங்கவிட்டு எடுத்தாலும் தாங்கும். காதுக்குப் பின்னால் நன்றாக இறங்கி மூடும். தலைநிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளுக்கு ஏற்ற வடிவம். குறை ஒன்றே ஒன்று, அது நம் ஊரில் பெரிய குறை: காற்றே போகாது. மார்ச் தாண்டினால் குக்கர் மூடியைத் தலையில் வைத்த மாதிரி இருக்கும். ஆசிரியர் இரண்டு வாரம் போட்டார். மூன்றாவது வாரம் அது காய்கறிப் பையோடு ஹேண்டிலில் ஆடிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தவறான ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்தது நான். ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். சென்னை, மதுரை, திருச்சிக்குச் சொல்ல மாட்டேன்.

அவருக்கு அடுத்து வாங்கிக் கொடுத்தது எம்டிபி ஹெல்மெட். இதைத்தான் பெரும்பாலானவர்களுக்கு நான் சிபாரிசு செய்கிறேன். மலைப்பாதையில் விழுபவர் பின்பக்கமாகவும் விழுவார், பக்கவாட்டில் மரத்திலும் மோதுவார். அதனால் காதோர நெற்றிப்பொட்டும் பின்மண்டையும் நன்றாக மூடும்படி செய்திருப்பார்கள். அதே சமயம் மிதிமிதியென்று மிதித்து மெதுவாக மேடேறுகிறவருக்காகச் செய்தது என்பதால் ஓட்டைகள் பெரிசு பெரிசாக இருக்கும். குறைந்த வேகத்திலும் சூடு மேலே போய்விடும். நகரத்தில் 12, 15 வேகத்தில் போகிறவருக்கு வேண்டியதும் இதேதான். எடை 300 முதல் 400 கிராம் வரும், ரோடு ஹெல்மெட்டைவிடக் கொஞ்சம் கூட. வைசர் எதிர்வெயிலையும் சாரலையும் தடுக்கும். குனிந்து ஓட்டும் ரோடு சைக்கிளில் அது பார்வையை மறைக்கும் என்பதால், கழற்றக்கூடிய வைசர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆசிரியர் இப்போது அதைத்தான் போடுகிறார். ஓட்டைகளைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ், கல்லும் வேருமான சரிவில் வேகமாக இறங்கும் டவுன்ஹில் ஆட்டத்துக்கானது. நீலகிரியில் அப்படி ஓட்டுகிறவர்களுக்கு அவசியம். மற்றவர்களுக்குத் தேவையில்லை. தாடைப் பகுதியைக் கழற்றி மாட்டும் வகையும் உண்டு. ஆனால் கழற்ற முடிகிறவற்றில் சில டவுன்ஹில் தரச் சோதனையில் தேறியவை அல்ல. ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்று ஸ்டிக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"வீட்டில் பைக் ஹெல்மெட் இருக்கிறதே, அது போதாதா?" என்றும் கேட்கிறார்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பைக் ஹெல்மெட் பலமானதுதான். ஆனால் ஒரு கிலோ சுமாருக்குக் கனம், காது மூடிவிடும், மிதிக்கிற உடம்புச் சூட்டுக்கு வழியே கிடையாது. பின்னால் வரும் வண்டியின் சத்தம் சைக்கிள்காரருக்குக் கண் மாதிரி. தெருமுனைக்குப் போய்வர வேறு எதுவும் இல்லாதபோது போடலாம், தினசரி ஓட்டத்துக்குச் சரிவராது. குழந்தைகளுக்கு அதைப் போடவே போடாதீர்கள், அந்தக் கனத்தைப் பிஞ்சுக் கழுத்து தாங்காது.

இனி மிப்ஸ். மஞ்சள் நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உள்ளே இருக்குமே, அதுதான். ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வோன் ஹோல்ஸ்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் பீட்டர் ஹால்டின் என்ற ஆய்வாளரும் உருவாக்கியது. நிஜத்தில் யாரும் நேர்க்குத்தாக விழுவதில்லை. ஓடிக்கொண்டே சாய்ந்து விழுகிறோம். தரை ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்க, தலை சுழலும். மூளை அதிகம் பாதிக்கப்படுவது இந்தச் சுழற்சியில்தான். அந்த நொடியில் ஹெல்மெட் மட்டும் தலையின்மேல் 10, 15 மில்லிமீட்டர் வழுக்கிக்கொடுக்க இந்தப் படலம் இடம் தருகிறது. இஎன் 1078, சிபிஎஸ்சி இரண்டுமே சுழற்சியை அளப்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சாய்வான பரப்பில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுத்துவருகிறது. பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். விலை குறைந்த சில ஹெல்மெட்டுகளும் அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. கையில் ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாக இருந்தால் ஏரோவுக்கோ எடைக்குறைப்புக்கோ போடாமல் இதற்குப் போடுங்கள். ஆனால் அளவு சரியாக இல்லாத மிப்ஸைவிட, கச்சிதமாக உட்காரும் சாதா ஹெல்மெட் மேல். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

கடையில் முதலில் வாரைப் பூட்டாமல், பின்பக்க டயலை மட்டும் இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். விழக் கூடாது, புருவம் சேர்ந்து அசைய வேண்டும். நெற்றியில் புருவத்துக்கு மேல் இரண்டு விரல்தான் இடைவெளி. நெற்றி முழுக்கத் தெரிய, தலைப்பாகை மாதிரி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், விழுந்தால் முதலில் படுவது அந்த நெற்றிதான். வார் காதுக்குக் கீழே ஆங்கில வி எழுத்து மாதிரி சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். பின்னல் போடுகிறவர்கள் அதைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். உச்சிக்கொண்டை மேல் எந்த ஹெல்மெட்டும் உட்காராது.

குழந்தைகளுக்கு வாங்கும்போது நம் வீடுகளில் ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா வாங்கு." யூனிஃபார்முக்குச் சரி. தொளதொளவென்று ஆடும் ஹெல்மெட் விழும்போது நழுவிவிடும், தலை திறந்துபோகும். இன்றைய அளவுக்குத்தான் வாங்க வேண்டும். பார்க்கில் சறுக்குமரம் ஏறும் முன் கழற்றச் சொல்லுங்கள். கம்பியில் ஹெல்மெட் மாட்டி வார் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.

நான் முன்பு வைத்திருந்த ரோடு ஹெல்மெட் ஒன்று முட்டுக்காடு பாலம் தாண்டி முடிந்துபோனது. காற்று ஓரத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்த மணலில் முன்சக்கரம் வழுக்கியது. இடது தோளும் தலையும் ஒன்றாகத் தரையில் பட்டன. எழுந்து பார்த்தால் இடது காதுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து உள்பஞ்சைப் பிரித்தெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு விலா எலும்பிலிருந்து அடுத்ததுக்கு, தலைமுடி கனத்தில், விரிசல் ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து லேசாக அழுத்தினால் கறுப்புக் கோடு வாய் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கடைசி வரை தெரிந்திருக்காது.

விழாமலே இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் நான் மாற்றிவிடுகிறேன், வியர்வை உப்பில் வாரும் பஞ்சும் கெட்டுப்போகின்றன. பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவைப்பதும், பெட்ரோல், தின்னர் கொண்டு துடைப்பதும் தெர்மாகோலைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும்.

அந்த விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் குப்பையில் போடும் முன் கத்திரிக்கோலால் வாரை இரண்டு பக்கமும் அறுத்தேன். பார்ப்பதற்குப் புதுசு மாதிரியே இருந்தது, யாராவது எடுத்துத் தன் பிள்ளைக்கு மாட்டிவிடக் கூடாது.