கணவனைத் துரத்தும் வழக்கும் ஊரே நிற்கும் காவலும்

காதலும் கொலையும் கலந்த கொரியத் தொடர்களில், 2020இல் வந்த ‘ஃபிளவர் ஆஃப் ஈவில்’, 2019இல் வந்த ‘வென் த கமீலியா புளூம்ஸ்’ ஆகிய இரண்டும் நேரெதிர் வழிகளில் செல்கின்றன.

முன்னதில், துப்பறியும் காவலரான மனைவி பழைய தொடர்கொலை வழக்கொன்றின் தடயங்களைப் பற்றிச் செல்ல, அவை அவளைத் தன் கணவனிடமே கொண்டுவந்து நிறுத்துகின்றன. காணொளிகளைப் பார்த்துப் புன்னகைக்கப் பழகும் அந்தக் கணவனாக லீ ஜூன்-கி காட்டும் வெறுமை நெஞ்சை உலுக்குகிறது. ஆனால் இறுதியில் வரும் நினைவிழப்பு, அதுவரை கட்டிய இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது.

பின்னதில் திகில் குறைவு. முன்னாள் காதலனின் கிளைக்கதையும் வேண்டாத அளவு நீள்கிறது. எனினும், தனியாளாக மகனை வளர்த்தபடி மதுக்கடை நடத்தும் தோங்பெக்கை முதலில் ஏசிய நண்டுக்கடைப் பெண்களே, பிறகு அவளுக்குக் காவலாய் நிற்பது பேரழகு. மறுமுறை பார்க்க நான் தேர்ந்தெடுப்பது இதையே.