ஏசி கேஸ் கேன்: வீட்டு அலமாரியா, வெளிக் கொட்டகையா?

கார் ஏசி வேலையைத் தாங்களே பார்ப்பவர்களிடம் ஒன்றிரண்டு ஆர்-134ஏ (கார் ஏசியில் குளிர்ச்சி தரும் வாயு) கேன்கள் மிஞ்சுவது வழக்கம். அவற்றை வைக்க எனக்கு மூன்று இடங்கள் இருந்தன: கார் டிக்கி, வீட்டுக்குள் அலமாரி, வெளியே நிழலில் நிற்கும் கொட்டகை. நான் வைத்திருப்பது கொட்டகையில்.

டிக்கி வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். கேன் மேல் அச்சிட்டிருக்கும் எல்லையும் ஏறக்குறைய அதுதான்.

அலமாரிக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு. சூடு பெரிதாக ஏறி இறங்காது, ஈரம் இல்லை, துரு பிடிக்காது. ஆனால் கசிந்தால்? இந்த வாயு காற்றைவிட மூன்றரை மடங்கு கனம். தரையோடு படிந்து, மூடிய அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். வாசனை கிட்டத்தட்ட இல்லாததால் தரையில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. அடுப்புத் தீயில் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற நச்சுவாயு உண்டாகும். இதனால்தான் அலமாரியை விட்டேன்.

சரி, கொட்டகை என்றால் கவலை தீர்ந்ததா? இல்லை. அங்கே எல்லாம் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரியில் கேனுக்குள் அழுத்தம் சுமார் 5.7 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), 50 டிகிரியில் 12 பாரைத் தாண்டும், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கேனில் பாதிதான் மிச்சம் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தால் திரவமாகியிருக்கும் வாயு கொஞ்சம் இருக்கும் வரை, முழுக் கேனுக்கும் பாதிக் கேனுக்கும் அழுத்தம் ஒன்றேதான். ஆகவே, அதிகபட்சச் சூட்டைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றைக் கேன் இருக்கப்போகும் தட்டிலேயே வைத்துக் கோடையில் பாருங்கள். தகரக் கூரையை ஒட்டிய மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். என் கேன்கள் கீழ்த்தட்டில், மரப்பலகை மேல், நிமிர்ந்து நிற்கின்றன. பலகை இல்லாவிட்டால் தரை ஈரத்தில் அடிவிளிம்பு முதலில் துருப்பிடிக்கும். கனமான வாயு வெளியேற, சுவரின் அடியில் காற்றுத் துளைகளும் வேண்டும். கீழ்த்தட்டிலேயே 45 டிகிரியைத் தொடுகிறது என்றால் அந்தக் கொட்டகையும் சரிவராது. கேனை வாங்கிய கடையிலோ மெக்கானிக்கிடமோ ஒப்படைப்பதே மேல்.

இதெல்லாம் ஆர்-134ஏவை வைத்துச் சொல்வது. ஃப்ரிட்ஜுக்குப் போடும் ஆர்-600ஏ வேறு ரகம். அது ஐசோபியூட்டேன், காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அதை நீண்ட நாள் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. மோட்டாரும் சுவிட்சும் உள்ள கொட்டகையில் அதை வைக்க என் மனம் ஒப்பாது.

அப்புறம், கசிவைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். வைக்கும்போதே எடை பார்த்து, மார்க்கரால் கேன் மேலேயே எழுதிவிடுங்கள். அழுத்தமானி கடைசிச் சொட்டுத் திரவம் தீரும் வரை ஒரே கணக்கைத்தான் காட்டும். எடை குறைந்தால் உடனே தெரிந்துவிடும்.