தர்கோவிஷ்தே படைமுகாம் அருங்காட்சியகம்: கோர்ட்டில் வேலை பார்த்த ஒருத்தியின் கண்ணில்

ருமேனியாவில் தர்கோவிஷ்தேக்கு வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் கிந்தியா கோபுரத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். டிராகுலா கதைக்குப் பெயர் கொடுத்த விளாத் கட்டிய கோபுரம், 27 மீட்டர் உயரம், நல்ல படம் எடுக்கலாம். நான் எழுத வந்தது அதே ஊரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய படைமுகாமைப் பற்றி. ருமேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி நிக்கோலே சௌசெஸ்கு 1989 டிசம்பரில் மக்கள் புரட்சியில் வீழ்ந்தார். அந்த டிசம்பர் 25 அன்று அவரையும் அவர் மனைவி எலெனாவையும் விசாரித்து, தீர்ப்பு சொல்லி, சுவரோரம் நிறுத்திச் சுட்டது இங்கேதான். 2013 முதல் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து வேனில் கூட்டிப்போகும் ஒருநாள் சுற்றுலாவில் சேர்ந்து வராதீர்கள். நானும் மகளும் முதல்முறை அப்படித்தான் வந்தோம். வழிகாட்டி சுட்ட இடத்தைக் காட்டி, இருவர் சாவையும் சினிமாக் காட்சி மாதிரி நடித்துச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறச் சொல்லிவிட்டார். அப்புறம் நாங்களே புக்கரெஸ்டின் காரா தெ நோர்த் நிலையத்திலிருந்து ரயில் பிடித்து மறுபடி வந்தோம். சுமார் 80 கிலோமீட்டர்தான். இறங்கி நடந்தே போய்விடலாம். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கொலை வழக்குகளின் கட்டுகளைக் கையாண்டே வயதானவள். அதனால் என் கால் இங்கே நின்றுபோனது சுட்ட சுவரிடம் அல்ல, விசாரணை நடந்த அறையில். சாதாரண அறை. மூலையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதற்குப் பின்னால் இருவரையும் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வீடியோவை உலகமே பார்த்திருக்கிறது. ஆனால் அறைக்குள் நிற்கும்போதுதான் எல்லாரும் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள் என்று புரிகிறது.

அந்த விசாரணை சுமார் ஒரு மணி நேரம் நடந்தது. ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு ஆவணம்கூடத் தாக்கலாகவில்லை. 60,000 பேரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அந்தப் புரட்சியில் மொத்தமாக இறந்தவர்கள் 1,100-க்குச் சற்று அதிகம் என்றுதான் பின்னால் கணக்கு வந்தது. மனநிலை சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று அவர்களுடைய வக்கீலே யோசனை சொன்னார், இருவரும் மறுத்துவிட்டார்கள். பிறகு அந்த வக்கீல்களே அவர்களுக்கு எதிராகப் பேசினார்கள். தீர்ப்பு வந்த சில நிமிடங்களில் கையைக் கட்டி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். படம் எடுத்தவர் முற்றத்துக்கு வருவதற்குள் சுட ஆரம்பித்துவிட்டதால், சுட்டதன் தொடக்கம் படத்தில் இல்லை. எங்கள் ஊரில் செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தால் ஹைகோர்ட் உறுதி செய்யாமல் கயிற்றைத் தொட முடியாது. கைதி ஒரு வார்த்தை எழுதித் தராவிட்டாலும் கட்டு மேலே போயே ஆக வேண்டும். அப்படி எத்தனையோ கட்டுகளை நூல் போட்டுக் கட்டி அனுப்பியவள் நான். இந்த அறையில் என் மனசு கொதித்தது.

மகள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். நாங்கள் எங்கே போய்வந்தோம் என்று கேட்டவர், "அவனுக்கு ஒரு மணி நேரம் கொடுத்ததே அதிகம்" என்றார். அவருக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக நாட்டின் உணவை எல்லாம் ஏற்றுமதி செய்துவிட்டு, சொந்த மக்களை ரேஷன் வரிசையிலும் சூடில்லாத வீட்டிலும் உறைய வைத்த ஆட்சி அது. 1966-இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டதால், திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். அந்தப் பாட்டி பழிவாங்க நினைத்தார் என்றால் அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த அறையில் அந்தப் பாட்டி இல்லையே. சுடப்பட்ட பிள்ளையின் தாய் ஒருத்திகூட இங்கே உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த ஜெனரல் ஸ்தன்குலெஸ்கு, ஒரு வாரத்துக்கு முன்புதான் புரட்சி தொடங்கிய ஊரான திமிஷ்வாராவில் மக்களைச் சுட்ட நடவடிக்கையில் இருந்தவர். அதற்காக 2008-இல் அவருக்கே 15 ஆண்டு தண்டனை உறுதியானது. அவர் மாதிரி ஆட்களுக்கு சௌசெஸ்கு வாய் திறந்து பேசுவது ஆபத்து. அதனால்தான் அன்று நடந்ததை நீதி என்று மட்டுமல்ல, பழி என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. பழி என்றால் அது பாதிக்கப்பட்டவரின் கையால் நடந்திருக்க வேண்டும். இங்கே கூட்டாளிகள் சாட்சியை அழித்தார்கள்.

திமிஷ்வாராவில் சுடப்பட்டவர்களில் 40-க்கும் மேற்பட்டோரின் உடல்களை ஆஸ்பத்திரியிலிருந்து ரகசியமாக எடுத்து, புக்கரெஸ்டுக்குக் கொண்டுவந்து எரித்து, சாம்பலை ஊருக்கு வெளியே சாக்கடையில் கொட்டினார்கள். அந்தக் குடும்பங்களுக்குக் கல்லறை கிடையாது. சௌசெஸ்குவுக்கு கென்சியா இடுகாட்டில் கல்லறை இருக்கிறது. யார் உத்தரவு, யார் வண்டி, யார் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கலாம். மாதக்கணக்கில் கேட்டிருக்கலாம்.

அவர்களைச் சுடாவிட்டால் தெருச் சண்டை நின்றிருக்காது என்பது அன்றைய தலைவர்களின் வாதம். இறந்தவர்களில் பெரும்பகுதி டிசம்பர் 22-க்குப் பிறகு, அதாவது சௌசெஸ்கு ஹெலிகாப்டரில் ஓடிய பிறகு இறந்தவர்கள் என்பதால் இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அந்த மனிதர்களை யார் சுட்டார்கள்? அந்த விசாரணை பல பத்தாண்டுகள் இழுத்தது. சரியாக விசாரிக்கவில்லை என்று 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே ருமேனியாவைக் கண்டித்தது.

சதாம் உசேனுக்கும் இதே கதைதான், கோர்ட் மட்டும் கொஞ்சம் நீளமாக நடந்தது. ஈராக்கின் துஜைல் என்ற ஊரில் 148 பேரைக் கொன்ற வழக்கில் 2006 டிசம்பர் 30 அன்று தூக்கில் போட்டார்கள். அப்போது குர்து மக்களை அழித்த அன்ஃபால் வழக்கு பாதியில் நடந்துகொண்டிருந்தது. பிரதான குற்றவாளி செத்துப்போனதால் அவர் மீதான குற்றச்சாட்டு அப்படியே விழுந்தது. அந்தக் குர்து சாட்சிகளை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

தர்கோவிஷ்தே தீர்ப்பை வாசித்த நீதிபதி ஜீகா போப்பா 1990 மார்ச் 1 அன்று தற்கொலை செய்துகொண்டார். அதற்கு முன்பே ஜனவரியில் ருமேனியா மரண தண்டனையை ஒழித்துவிட்டது.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். இருவரும் தங்கவைக்கப்பட்ட அறையின் இரும்புக் கட்டில்களையும், தோட்டாக் குழிகள் உள்ள சுவரையும், தரையில் உடல்கள் கிடந்த வடிவத்தை வரைந்திருப்பதையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். மெனக்கெட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள், அதற்கு என் நன்றி. ருமேனிய மொழி தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது, எனக்கு மகள் வாசித்துச் சொன்னாள். சின்னப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். குளிர்காலத்தில் போகிறவர்கள் கனமான கோட்டுடன் போங்கள், சுவர் இருப்பது வெளியே.

இரண்டு ஊருக்கும் போக முடிந்தவர்கள் முதலில் திமிஷ்வாரா போய்ப் புரட்சி நினைவகத்தையும் வீரர் கல்லறையையும் பாருங்கள், அதற்கப்புறம் இங்கே வாருங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் திமிஷ்வாராவுக்கே டிக்கெட் எடுங்கள்.