எழுதுபவருக்குத் தமிழ் லெக்சிகன்: மின்பதிப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பிறகு அனுபந்தமாக இன்னொரு தொகுதியும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதன் மின்பதிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடும்படி கிடைக்கிறது. பழம்பாடலுக்குப் பொருள் பார்க்க அதைத் திறப்பவர்கள் நிறைய. கதையோ கவிதையோ ஓவியத்துக்கான குறிப்போ எழுதி, படிப்பவர் கண்முன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்த நினைப்பவருக்கு அது பயன்படுமா என்பதுதான் இங்கே கேள்வி.

பயன்படும், மிக நன்றாகவே. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அது தரும் பதிவைப் படிக்கத் தெரியாமல் கை வைத்தால், நல்ல பத்தியைக் கெடுக்கவும் அதுவே போதும்.

கெடுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். ‘நிலா’ மூன்று முறை வந்துவிட்டதே என்று மாற்றுச் சொல் தேடுகிறோம். திங்கள், மதி, அம்புலி என்று வரிசையாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து வைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. அம்புலி என்றதும் இடுப்பில் குழந்தையோடு வானத்தைக் காட்டும் ஒரு தாய் வந்துவிடுகிறாள். குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில், நிலாவை விளையாட அழைக்கும் ‘அம்புலிப் பருவம்’ என்று ஒரு பருவமே உண்டு. அந்தச் சொல்லைச் சாவு வீட்டின் முற்றத்தில் வைத்தால், இறந்தது குழந்தையோ என்று படிப்பவர் மனம் ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வேண்டும் என்றே வைத்தால் அது கலை. தெரியாமல் வைத்தால் பிழை.

இதைத் தவிர்க்க லெக்சிகனே வழி வைத்திருக்கிறது. பல பொருள்களுக்குப் பின்னால் அடைப்புக்குறியில் சுருக்கமாக ஒரு மேற்கோள் இருக்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ‘திவா.’, ‘பிங்.’, ‘சூடா.’ என்று மட்டும் இருந்தால் அந்தப் பொருள் திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளிலிருந்து, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பட்டியல்களிலிருந்து, வந்தது. பட்டியலில் இருக்கிறது, ஒரு வாக்கியத்துக்குள் வாழ்ந்ததற்கு அங்கே சான்று இல்லை. அப்படிப்பட்ட பொருளை நம்பிப் படிமம் கட்டக் கூடாது. ‘புறநா.’, ‘சிலப்.’, ‘கம்பரா.’ என்று பாட்டெண்ணோடு இருந்தால் அந்த இடத்துக்கே போய் நான்கு வரி படித்துவிட்டு வாருங்கள். சொல் எந்தக் காற்றில் இருந்தது என்று தெரிந்துவிடும். வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்ற குறி இருந்தால் இன்னும் நல்லது. பாத்திரங்களின் பேச்சுக்கு அங்கேதான் புதையல்.

இந்தப் பதிப்பில் எழுதுபவருக்கு மிகப் பெரிய லாபம் ஒலிக்குறிப்புச் சொற்கள். அச்சுத் தொகுதிகளில் இவற்றைத் தேடிச் சேர்ப்பது மலையைப் புரட்டுகிற வேலை. மின்பதிப்பில் சுலபம். தலைச்சொல்லில், அதாவது பதிவின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லில், மட்டும் தேடாமல் பதிவு முழுவதிலும் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து ‘ஒலிக்குறிப்பு’ என்று இடுங்கள். சலசலவெனல், கடகடவெனல் என்பது போல ‘எனல்’ என்று முடியும் சொற்கள் வரத் தொடங்கும். ஒளிக்கும் விரைவுக்கும் வலிக்கும் இப்படியே குறிப்புச் சொற்கள் உண்டு. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சலசல என்றால் ஓடும் நீர். ஓர் எழுத்து மாறிச் சளசள என்றால் ஓயாத பேச்சு. ஊசி குத்தினால் சுருக். சூடு பட்டால் சுரீர். ‘கடுமையான வலி ஏற்பட்டது’ என்ற வாக்கியம் செய்ய முடியாததை ‘சுரீர்’ ஒற்றைச் சொல்லாகச் செய்துவிடும், ஏனென்றால் அது வலியைப் பற்றிச் சொல்வதில்லை, தோலில் படுகிறது. அளவு முக்கியம்: ஒரு பத்திக்கு ஒன்று போதும். மூன்று வந்தால் சிறுவர் கதையின் ஓசை வந்துவிடும்.

இரண்டாவது லாபம், ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுத்தடுத்து நிற்கும் பொருள்கள். ‘அலர்’ என்று தேடிப் பாருங்கள். விரிந்த பூ என்பது ஒன்று. ஊரார் பேசும் பழிச்சொல் என்பது இன்னொன்று. சங்க அகப்பாடல்களில் காதல் கொஞ்சமாகக் கசிந்து சிலர் முணுமுணுத்தால் அது அம்பல், மொட்டு நிலை. ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். வதந்தி பரவியது என்று எழுதுவதற்குப் பதிலாக, மொட்டவிழ்வதைப் போல அதை எழுத முடியும் என்ற வழியை அந்தப் பதிவு காட்டிவிடுகிறது. அலர் என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. அரிய சொல்லை விட்டுவிட்டு அது காட்டிய காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் நல்லது.

ஓவியத்துக்குக் குறிப்பு எழுதுபவர்களும் நிறச் சொற்களை இப்படிப் பார்க்கலாம். பச்சை என்பது நிறம் மட்டுமல்ல: பச்சை மண், பச்சை விறகு, பச்சைப் புண், பச்சைக் குழந்தை. சுடாதது, காயாதது, ஆறாதது. ‘பச்சை நிறம் மேலோங்கிய ஓவியம்’ என்று எழுதினால், படத்தைப் பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்கிறோம். ‘இன்னும் காயாத பச்சை’ என்றால் கண் திரும்பிப் போய்ப் பார்க்கும்.

குறைகளும் உண்டு. விளக்கங்கள் ஆங்கிலத்திலும் பழைய நடைத் தமிழிலும் இருக்கின்றன. அந்தத் தமிழுக்கே சிலருக்கு அகராதி வேண்டியிருக்கும். வினைகளை அடிச்சொல்லாகத்தான் தேட வேண்டும்: ‘அலர்ந்தது’ என்று தலைச்சொல்லில் தேடினால் கிடைக்காது, ‘அலர்’ என்று தேட வேண்டும். பக்கத்தில் 4 போன்ற எண் இருந்தால் அது வினை எப்படித் திரியும் என்பதைக் காட்டுவது. சிறிய, எங்கும் வருகிற சொல்லைப் பதிவு முழுவதும் தேடினால் முடிவுகள் குவிந்து எதையும் படிக்க முடியாது. அதற்குத் தலைச்சொல் தேடலே சரி.

பெரிய இடைவெளி காலம். 1930களோடு நின்றுவிட்ட தொகுப்பு இது. அதன் பின் வந்த சொற்கள் இல்லை என்பதை விட, இருக்கும் சொற்களில் எது இன்றும் புழங்குகிறது என்று சொல்லாததுதான் எழுதுபவருக்குச் சிக்கல். ஆகவே லெக்சிகனில் எடுத்ததை க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். 1992இல் முதலில் வந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட அது இன்றைய எழுத்துத் தமிழுக்கானது. எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருகிறது. அங்கேயும் இருந்தால் தயக்கமின்றி எழுதலாம். இல்லையென்றால், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களே பொருளை உணர்த்தும்படி சொல்லை உட்கார வைக்க வேண்டும். அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டிய நிலை வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.